ஓசூர் சாலையில் ஓர் ஊதா விளக்கு

ஒரு கைப்பேசி. அதன் முதுகில் பொருத்திய ஒரு சிறு கூடு. கூட்டுக்குள் இரண்டு வகை விளக்குகள், ஒன்று வெள்ளை, ஒன்று ஊதா. வாயைத் திறக்கச் சொல்லி முதலில் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு படம், அடுத்து ஊதா வெளிச்சத்தில் ஒரு படம் எடுக்கும். வாயில் புற்றுநோய் முற்றுவதற்கு முன்பே, அது வெறும் வெள்ளைப் படலமாகவோ சிவப்புத் திட்டாகவோ இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும் என்பது அந்தக் கருவிக்கு இடப்பட்ட வேலை. அது பிறந்தது அமெரிக்காவில். வளர்ந்த ஊர்களில் ஒன்று நமக்கு மிகப் பக்கம். ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளியைத் தாண்டியதும் வரும் பொம்மசந்திரா அது. ஓசூரிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை.

இந்தச் சாலையை நோயாளிகளின் சாலை என்றே சொல்லலாம். பொம்மசந்திராவில் நாராயணா ஹெல்த் சிட்டி, அதற்குள் 2009ல் தொடங்கிய மஜும்தார்-ஷா புற்றுநோய் மையம். சாலையின் மறுமுனையில், பெங்களூரு நகருக்குள், 1973ல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து மக்களுக்குச் சென்னை தூரம், பெங்களூரு பக்கம். காலையில் பெங்களூரு பேருந்தில் ஏறினால், பெரிய ஸ்கேன் கவரை மடங்காமல் மடியில் நிறுத்திப் பிடித்தபடி யாராவது ஒருவர் இருப்பார். துண்டால் வாயை மூடியிருப்பார். பக்கத்தில் மனைவியோ மகனோ இருப்பார். அந்தக் கவருக்குள் இருக்கும் படம் பெரும்பாலும் காலம் கடந்து எடுத்த படம். கன்னத்துச் சதையைத் தாண்டித் தாடை எலும்பை அரித்த பிறகு, கழுத்தில் நெறி கட்டிய பிறகு எடுத்த படம். ஊதா விளக்கின் கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதற்கு அந்தக் கவர்தான் காரணம்.

உலக அளவில் 2022ல் உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சத்து 90 ஆயிரம் பேர் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் கணக்கு சொல்கிறது. அதில் இந்தியர்கள் மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 44 ஆயிரம். மூன்றில் ஒருவருக்கும் மேல். காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு வெற்றிலை, பாக்கு, போயிலை. ஓசூரின் பட்டறைகளிலும் ஆலைகளிலும் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர்களுக்குக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் ஹான்ஸ், கூல் லிப் பொட்டலங்கள். புகையிலை கலந்த குட்காவுக்கும் பான்மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை இருக்கிறது. இருந்தும் பெங்களூரிலிருந்து வரும் வண்டிகளில் மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது என்ற செய்தி ஓசூரிலிருந்து நின்றபாடில்லை. எல்லை ஊருக்கே உரிய துயரம் இது. விஷம் எளிதாக எல்லை கடந்துவிடுகிறது.

ஊதா விளக்கின் மூதாதை ஒரு சாதாரண டார்ச் லைட். 1996ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு மருத்துவர் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஏழு பஞ்சாயத்துகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள். ஆறு பஞ்சாயத்துகளில் வழக்கம்போல விட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். முடிவு 2005ல் 'லான்செட்' இதழில் வந்தது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம், வாயைப் பார்த்த பஞ்சாயத்துகளில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைவு. ஒரு டார்ச், பழகிய ஒரு கண், பார்க்க வேண்டும் என்ற எண்ணம்: இவை சேர்ந்து நூற்றில் முப்பத்து நான்கு சாவைத் தடுக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது கேரளக் கிராமம். அதற்கும் முன்பே, 1980களில், இலங்கையில் சமன் வர்ணகுலசூரிய குழுவினர் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு இதே வேலையைச் செய்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். இந்திய அரசும் 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 30 வயது கடந்தவர்களின் வாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று எழுதி வைத்தது.

டார்ச்சின் குறை, அதைப் பிடிக்கிற கையில் இருக்கிறது. பழகாத கண்ணுக்கு வெள்ளைப் படலமும் தெரியாது, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிவப்புத் திட்டும் தெரியாது. பார்த்தவர் என்ன பார்த்தார் என்பதற்குப் பதிவும் இருக்காது. சந்தேகம் வந்தால் இன்னொருவரிடம் காட்ட, நோயாளியையே பேருந்து ஏற்றி அனுப்ப வேண்டும். படம் இருந்தால் ஆள் அலைய வேண்டாம், படம் போனால் போதும். இந்த எண்ணம் பெங்களூரில் தெளிவாக உருவானது. பெங்களூரு கே.எல்.இ. பல் மருத்துவக் கல்லூரியின் பிரவீண் பிரூர், பொம்மசந்திராவில் தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவை மருத்துவராக இருந்த மோனி ஆபிரகாம் குரியாகோஸ் ஆகியோர், பயோகான் மருந்து நிறுவனத்தின் அறக்கட்டளை துணையோடு சாதாரணக் கைப்பேசியை இந்த வேலைக்கு இறக்கினார்கள். பயோகானின் முகவரியே 'ஓசூர் சாலை, 20வது கிலோமீட்டர்' என்றுதான் இருக்கும். கிராமத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகவும், வேலைத்தலங்களில் பல் மருத்துவர்களும் வாயைப் படம் எடுத்து அனுப்ப, தொலைவில் இருந்த நிபுணர்கள் பார்த்துச் சொன்னார்கள். இந்த அனுபவம் 2015ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அது வேலைத்தலத்திலும் நடந்தது என்பதை ஓசூர்க்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதே காலத்தில், பாலைவனம் சூழ்ந்த அரிசோனா மாநிலத்து டூசான் நகரில், ஒளியியல் பேராசிரியர் ரோங்குவாங் லியாங்கின் ஆய்வகத்தில் ஊதா விளக்கு உருவாகிக்கொண்டிருந்தது. நம் வாயின் உட்தோலுக்குத் தானே ஒளிரும் தன்மை உண்டு. ஏறத்தாழ 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளியை அதன்மேல் பாய்ச்சினால், தோலுக்கு அடியில் இருக்கும் கொலாஜன் போன்ற பொருள்கள் அதை வாங்கிக்கொண்டு பச்சை ஒளியாகத் திருப்பித் தரும். கேமராவுக்கு முன்னால் ஊதாவை வடிகட்டும் ஒரு கண்ணாடியை வைத்துவிட்டால், நல்ல வாய் இளம்பச்சையாகத் தெரியும். செல்கள் கெடத் தொடங்கிய இடத்தில் அடியிலிருக்கும் கொலாஜன் வலை சிதைகிறது. ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ரத்தம் ஒளியை விழுங்கிவிடுகிறது. அந்த இடம் மட்டும் பச்சைக்கு நடுவே இருண்ட திட்டாகத் தெரியும். வெறும் கண்ணுக்கு லேசான சிவப்பாக மட்டும் இருந்தது, ஊதா வெளிச்சத்தில் எல்லை வகுத்துக் காட்டிவிடும்.

நான் இதைப் படித்துப் புரிந்துகொண்டபோது வியந்தது ஒளியைப் பற்றி மட்டும் அல்ல, அது எவ்வளவு சிறிய கருவிக்குள் அடங்கியது என்பதைப் பற்றியும்தான். தானே ஒளிர்வதைப் பார்க்கும் கருவிகள் முன்பே மேலை நாட்டு மருத்துவமனைகளில் இருந்தன. லியாங், அவருடைய மாணவர் ராஸ் உதாஃப், கலிபோர்னியாவின் பெட்ரா வைல்டர்-ஸ்மித், பெங்களூரின் குரியாகோஸ், அம்ரிதா சுரேஷ், பிரூர் ஆகியோர் சேர்ந்து அதை ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் கொண்டுவந்தார்கள். வாய் முழுவதையும் படம் பிடிக்க ஒரு கூடு. கடைவாய், நாக்கின் அடி, கன்னத்தின் உள்மூலை போன்ற மறைவிடங்களுக்குள் நுழைய ஒரு சிறு துருவி. செயலி விளக்கையும் கேமராவையும் ஒரே நேரத்தில் இயக்கும். படம் கணினி வழங்கிக்குப் போகும். அங்கே நிபுணர் பார்ப்பார், கணினியும் பார்க்கும். 'சந்தேகம்' அல்லது 'சந்தேகம் இல்லை' என்ற பதிலும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பும் அதே கைப்பேசிக்குத் திரும்பி வரும்.

டூசானில் செய்த கருவிக்கு வாய்களைக் காட்டியது இந்தியா. பொம்மசந்திரா, கே.எல்.இ. கல்லூரி, நாகாலாந்தின் திமாப்பூரில் உள்ள கிறிஸ்தவ மருத்துவ நிறுவனம் ஆகிய மூன்று இடங்களுக்குக் கருவி போனது. திமாப்பூரைச் சேர்த்தது பொருத்தமான முடிவு. பாக்கு மெல்லாத வீடு அங்கே அரிது. 2018ல் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் வந்த முதல் முடிவில், நேரில் பார்த்த நிபுணரின் கருத்தை அளவுகோலாக வைத்து 170 ஜோடிப் படங்களைச் சோதித்தார்கள். தொலைவிலிருந்து பார்த்த நிபுணரும் சரி, கணினியும் சரி, எந்த அளவையில் பார்த்தாலும் 81 முதல் 95 சதவீதம் வரை சரியாகச் சொன்னார்கள்.

ஆய்வகத்து வெற்றி களத்தில் நிற்குமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை 2022ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்தது. எனக்கு இந்தக் கதையின் மையம் இந்த ஆய்வுதான். இதே குடும்பத்துக் கைப்பேசிக் கருவியைக் களப்பணியாளர்கள் கையில் கொடுத்து, பெரிய மருத்துவமனைகளிலும் வசதி குறைந்த இடங்களிலும் 5,025 பேரைப் பரிசோதித்தார்கள். 32,128 படங்கள். தொலைவிலிருந்து நிபுணர் 'சந்தேகம்' என்று சொன்ன வாய்கள் நூறு என்று வைத்துக்கொண்டால், களப்பணியாளர் தாமாகக் கண்டுபிடித்தது 60. கைப்பேசிக்குள்ளேயே இருந்த எளிய கணினி நிரல் கண்டுபிடித்தது 82. இணையத்தின் மறுமுனையில் இருந்த பெரிய நிரல் கண்டுபிடித்தது 87.

களப்பணியாளரைக் குறைத்துச் சொல்வதற்காக இந்த எண்களைத் தரவில்லை. அந்தப் பெண்கள் ஒரு நாளில் எத்தனை வீடு ஏறி இறங்குகிறார்கள், எத்தனை பதிவேடு எழுதுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் தவறவிடும் நாற்பதில் பாதியையாவது கையில் இருக்கும் கைப்பேசியே பிடித்துத் தரும் என்பதுதான் இதன் பொருள். இணையம் கிடைக்காத மலைக்கிராமத்திலும் சிறிய நிரல் வேலை செய்யும். அஞ்செட்டி, தளி காட்டுப் பகுதிகளை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

கருவியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஊதா வெளிச்சத்தில் இருண்டு தெரிவதெல்லாம் புற்று இல்லை. பல் குத்திய புண்ணும், வீக்கமும் இருண்டுதான் தெரியும். நாக்கின் மேல் படிந்த கிருமிகள் செம்மஞ்சளாக ஒளிர்ந்து குழப்பும். வெளிச்சம் அதிகமான அறையில் ஊதாப் படம் தெளிவாக வராது. கன்னத்தை நன்றாக விலக்கிப் பிடிக்காமல் எடுத்த படத்தால் பயனில்லை. குட்கா போட்டுப் போட்டு வாய் இறுகிப்போனவர்களுக்கு இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. அங்கே கருவி நுழையவே தடுமாறும். அந்த 2022 ஆய்விலேயே, நேரில் பார்த்த நிபுணர் நல்ல வாய் என்று சொன்ன நூறு பேரில் பதினாறு பேரை, தொலைவிலிருந்து பார்த்தவர் சந்தேகத்துக்கு உரியவர்களாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் வீணாகக் கொஞ்ச நாள் பயந்திருப்பார்கள். சதை எடுத்துச் சோதித்துப் பார்க்காமல் எந்தப் படமும் புற்று என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கருவி வடிகட்டித் தரும். தீர்ப்பு நுண்ணோக்கியில்தான்.

தொண்டைக்கு வருவோம். வாயைப்போல் தொண்டை எளிதில் திறந்து காட்டாது. 1854ல் பாரிஸில் இருந்த மானுவெல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, சூரிய வெளிச்சத்தைப் பாய்ச்சி, தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். குரல் எப்படிப் பிறக்கிறது என்று அறியவே அவர் பார்த்தார். தொண்டை மருத்துவத்துக்கு அது வாசலைத் திறந்துவிட்டது. இன்றைய காது, மூக்கு, தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக விடும் வளையும் குழாய்க் கேமரா வரை அந்த வழி நீள்கிறது. ஊதா விளக்கும் அந்தப் பக்கம் அடியெடுத்து வைத்திருக்கிறது. 2019ல் லியாங் குழுவினர், நாக்கின் அடிப்பகுதியையும் தொண்டையின் மேல்பகுதியையும் எட்டும், வளையக்கூடிய, சிறிய துருவி ஒன்றைக் கைப்பேசியோடு பொருத்தி வெளியிட்டார்கள். குரல்வளை வரை அது போகாது. அந்த ஆழத்துக்குக் குழாய்க் கேமராவும் ஸ்கேனும்தான் வழி.

சந்தேகம் உறுதியாகி, சதைச் சோதனையும் புற்று என்று சொல்லிவிட்டால், பெரிய கருவிகள் வருகின்றன. சி.டி. ஸ்கேன், 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் வடிவமைத்த இயந்திரத்தில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. இன்று அது தாடை எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா, கழுத்து நெறிகளில் நோய் இருக்கிறதா என்று காட்டுகிறது. நாக்குப் புற்றில் கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டும். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் நிலைப் பகுப்பில் ஆழத்துக்குத் தனி இடம் தந்திருக்கிறார்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மிகாத அகலம், ஐந்து மில்லிமீட்டருக்கு மிகாத ஆழம் என்றால் கட்டி முதல் நிலையில் இருக்கிறது. எலும்பைத் தின்றிருந்தால் நான்காம் நிலை. பெட் ஸ்கேனில், கதிர்வீசும் ஃப்ளூரின் சேர்த்த சர்க்கரையை ஊசியாகப் போட்டு, சர்க்கரையை ஆவலாக இழுக்கும் செல்கள் உடலில் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்கிறார்கள். அந்த ஃப்ளூரினின் அரை ஆயுள் 110 நிமிடம்தான். அது தயாராகும் இடத்திலிருந்து நோயாளி படுத்திருக்கும் இடத்துக்குச் சாலை நெரிசலைத் தாண்டி ஓடி வர வேண்டும்.

இந்தப் பெரிய கருவிகள் மகத்தானவை. ஆனால் அவை கேட்கும் கேள்வி 'எவ்வளவு தூரம் போய்விட்டது?' என்பது. ஊதா விளக்கு கேட்கும் கேள்வி 'தொடங்கிவிட்டதா?' என்பது. முதல் நிலையில் பிடித்த வாய்ப் புற்றை அறுவை சிகிச்சையோடு முடித்துவிடலாம். பேச்சும் சாப்பாடும் பெரும்பாலும் தங்கும். நான்காம் நிலையில் தாடை எலும்பை வெட்டி, காலெலும்பை எடுத்து வைத்துக் கட்டி, கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்த பிறகும் உறுதி சொல்ல முடியாது. ஒரு குடும்பத்தின் கடன் எல்லாம் இந்த இரண்டு நிலைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

கருவி எல்லையைக் கடந்து வர எல்லா வழியும் திறந்திருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்கள் இந்த மாவட்டத்துக்குப் புதியவர்கள் அல்ல. 2023ல் மார்பகம், கருப்பை வாய், வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கும் தமிழ்நாடு அரசு தொடங்கிய பரிசோதனைத் திட்டத்தின் முதல் நான்கு மாவட்டங்களில் பக்கத்துத் திருப்பத்தூரும் ஒன்று. 2024ல் வந்த 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' ஆலைகளுக்குள்ளேயே போய்த் தொழிலாளர்களைப் பரிசோதிக்கிறது. கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. சந்தேகம் என்று வந்தவரை அனுப்ப மாவட்டத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது. ஓசூர் நகரத்தின் அரைநூற்றாண்டு வளர்ச்சியே, 1980ல் டிவிஎஸ் மொபெட்டும் 1987ல் டைட்டன் கைக்கடிகாரமும் இங்கிருந்து வெளிவரத் தொடங்கிய காலம் தொட்டு, நுட்பமான பொருளை மலிவாக, நிறைய, பழுதில்லாமல் செய்வதில்தான் இருக்கிறது. சில விளக்குகளும் ஒரு வடிகட்டியும் கைப்பேசியைப் பிடிக்கும் ஒரு கூடும் செய்வது இந்த ஊருக்குப் பெரிய வேலை அல்ல.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் பார்க்கும் மேசைக்கு அடுத்து இன்னொரு நாற்காலி போட வேண்டும். அதில் உட்காரும் ஒவ்வொருவரின் வாயையும், நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் பையன் என்ற வேற்றுமை இல்லாமல், படம் எடுக்க வேண்டும். படம் பார்க்கும் நிபுணர்கள் கிருஷ்ணகிரியிலும் இருக்கலாம், பொம்மசந்திராவிலும் இருக்கலாம். படத்துக்குச் சோதனைச் சாவடி கிடையாது. சந்தேகம் என்று வந்தவருக்கு அன்றைய கூலி போகாமல் மருத்துவமனை போக ஒரு நாள் விடுப்பை நிர்வாகம் தர வேண்டும். விடுப்பு இல்லாவிட்டால் எந்த விளக்கும் உதவாது.

அதுவரைக்கும் வீட்டுக் கண்ணாடியும் ஒரு டார்ச்சும் போதும். மாதம் ஒருமுறை நாக்கைத் தூக்கி, கன்னத்தை விலக்கிப் பாருங்கள். வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், விழுங்கும்போது ஒரு பக்கமாக வலி, மாறிப்போன குரல், கழுத்தில் கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரிடமோ, காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமோ அந்த வாரமே வாயைத் திறந்து காட்டுங்கள்.